தலை தட்டாத கப்

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் கடந்த முப்பத்தாறு வருடங்களில் தாலி கட்டிக்கொண்ட அத்தனை பேரும் கஜபதி வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் குடும்பம் நடத்தப் போனார்கள். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ரயில் பாதைக்கு வடக்கே இருந்தவர்களைக் கழித்துவிடுங்கள். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டவர்களையும் கழித்துவிடுங்கள். மிஞ்சியதில் பாதியை மட்டும் நம்புங்கள். அந்தப் பாதியே ஒரு மனுஷனின் முழங்காலைத் தேய்க்கப் போதுமானது.

கஜபதிக்கு இப்போது அறுபத்தொன்று. திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் மனைவி பேபியோடு இருக்கிறார். அவர் சமைப்பார், பேபி காய் நறுக்குவாள், பாத்திரம் ஒழிப்பாள், அவர் செய்வதில் உள்ள தப்பை எல்லாம் எடுத்துச் சொல்வாள். கல்யாண மண்டபங்களின் பின்கட்டில் அடுப்பு என்பது தரையோடு தரையாக இருக்கும். அதன் முன்னால் குந்தி, எழுந்து, குந்தி, எழுந்து, ஒரு முகூர்த்தத்துக்கு நூறு தடவையாவது ஆகும். இரண்டு வருடமாகக் கஜபதி குந்தினால் எழுவதற்கு ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆவடி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த இடத்துல ஒரு இடைவெளி இருக்கணும் பெரியவரே. இல்ல" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். இனிமேல் குந்தக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். குந்தாமல் எப்படிப் பிழைப்பது என்பதை எழுதவில்லை.

போன மே மாதம் நசரத்பேட்டையில் ஒரு விசேஷம். நெடுஞ்சாலையை ஒட்டி நாலு பிளாக் அடுக்கிய குடியிருப்பு. அங்கே ரெனிதா என்று ஒரு பெண். திண்டுக்கல்லில் பிறந்து, ஐ.டி. கம்பெனி வேலைக்காக இங்கே வந்து வீடு வாங்கியவள். அவள் மகன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்குத் தொண்ணூறு பேருக்குப் பிரியாணி. சமையல், குடியிருப்போர் சங்கத்தின் பொதுச் சமையலறையில்.

கஜபதி உள்ளே போய் நின்றவர் கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை. இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் மேடை. அதன் மேல் அடுப்பு. குனியாமலே குழாய். சுவரோரம் முதுகு சாய்க்கிற மாதிரி ஓர் உயர ஸ்டூல். பிரியாணி தம்மில் இருந்த இருபது நிமிடம், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் அந்த மேடையில் ஊன்றி நின்றார். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக இறங்கித் தன்தன் இடத்தில் உட்கார்ந்தது. பிரியாணிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது அந்த இருபது நிமிடத்தை.

அதனால்தான், ஐந்து மாதம் கழித்து ரெனிதா போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது சம்பளத்தை இல்லை.

"மாஸ்டர், எங்க சங்கத்துக்கு நிரந்தரமா ஒரு சமையல்காரர் தேடுறாங்க. தினம் மதியச் சாப்பாடு. சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு ஏதாவது ஸ்பெஷல். நான் உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

"அந்த மேட மேலயா சமையலு?"

"வேற எங்க மாஸ்டர், மொட்டை மாடியிலயா? அங்கேதான். ஆனா தலைவர் ஒரு நிபந்தனை வச்சிருக்கார். எழுதிக் குடுக்கணும்."

"இன்னாத்த எழுதணும்?"

சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி, அண்ணனூர் ரயில் பணிமனையில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு இல்லாமல் ஒரு திருகாணியைக் கூட வெளியே விட்டதில்லை என்று அவரைப் பற்றிப் பேச்சு. சமையலறைக்கும் அதே சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு தாள். தாளில் எல்லாப் பொருளும் எடைக் கணக்கில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சங்கம் பூந்தமல்லி மொத்தக் கடையில் வாங்கிப் போடும். சமையல்காரர் வராத நாளில் வேறொருவர் அதே தாளைப் பார்த்துச் செய்தால் அதே ருசி வர வேண்டும். முதல் சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது சீஸ் போட்ட மக்ரோனி. அறுபத்து நாலு பேருக்கு, வரும் ஞாயிற்றுக்கிழமை. தாள் வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வர வேண்டும்.

"சாம்பாருக்கு எழுதிக் குடுத்துர்றனே மேடம்."

"சாம்பார் உங்களுக்கு வரும்னு அவருக்கே தெரியும் மாஸ்டர். தெரியாத ஒண்ணைக் குடுத்துப் பாக்கணுமாம்."

மறுநாள் கஜபதி வண்டியில் பேபியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பருத்திப்பட்டு வழியாக, பள்ளமும் லாரியும் தந்த குலுக்கலை எல்லாம் முழங்காலில் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ரெனிதா ஓர் அட்டையைக் கொடுத்தாள். வெளிநாட்டில் இருக்கும் அவள் அக்கா எழுதி அனுப்பிய செய்முறை, எட்டுப் பேருக்கானது. மக்ரோனி, பால், வெண்ணெய், மாவு எல்லாவற்றையும் ரெனிதாவே கிராமுக்கும் லிட்டருக்கும் மாற்றி எழுதியிருந்தாள். சீஸுக்கு நேரே மட்டும் 'துருவியது, நாலு கப்' என்று அப்படியே நின்றது.

"இத மட்டும் ஏன் உட்டுட்டீங்க?"

"ஒரு கப் எத்தனை கிராம்னு போன்ல தேடினேன். ஒருத்தன் எண்பத்தஞ்சுங்கறான், ஒருத்தன் நூறுங்கறான், இன்னொருத்தன் நூத்தி இருபதுங்கறான். பால்னா ஊத்தினா ஊத்தினதுதான், கப்புக்கு உள்ள அடங்கிரும். துருவின சீஸ் அப்படி இல்ல. மெல்லிசா துருவினா ஒரு எடை, பெருசா துருவினா ஒரு எடை. அமுக்கினா அதுவே ஒண்ணரை மடங்கு. உங்க கைத் துருவலுக்கு என்ன வருதுன்னு நீங்களே அளந்து எழுதிருங்க." அவள் ஓர் எவர்சில்வர் கப்பை எடுத்துக் கொடுத்தாள். அடியில் 240 என்று பொறித்திருந்தது. "இதுதான் அக்கா சொல்ற கப். உங்க ஆழாக்குல அளந்துராதீங்க. அது சின்னது."

கஜபதி கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தாறு வருடத்தில் ஆயிரம் பேருக்கு உப்புப் போட்ட கை அது. ஒரு தடவை கூட எழுதிப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அளவு நடந்தது. கடையில் இருநூறு கிராம் கட்டி ஒன்று வாங்கி வந்தார்கள். பேபி கேரட் துருவியின் பெரிய கண்ணில் அதைத் தேய்த்துத் தட்டில் குவித்தாள். மின்விசிறி ஓடினால் பறக்குமோ என்று அதை நிறுத்தியிருந்தார்கள். இருவருக்கும் வியர்த்தது.

"லாபம்" என்று சொல்லிக்கொண்டே பேபி முதல் கைப்பிடியைக் கப்பில் போட்டாள். அவள் எதை அளந்தாலும் முதல் அளவை ஒன்று என்று சொல்வதில்லை.

கப் விளிம்பு வரை நிறைந்தது. பேபி கையை எடுத்துக்கொண்டாள். கஜபதி எடுக்கவில்லை. தட்டிலிருந்து இன்னும் அள்ளி, விரல்களைக் குவித்து, விளிம்புக்கு மேலே கோபுரமாக ஏற்றினார். துருவிய சீஸ் அரிசி மாதிரி சரிந்து விழாது. ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஏற்றிய உயரத்துக்கு நிற்கும். அதனால் கோபுரமும் நன்றாகவே எழும்பியது.

"இன்னாய்யா, கோயில் கட்றியா?"

"சும்மா இருமே. நல்ல காரியத்துக்கு மொத அளவு."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அளக்கும்போது படியின் வாயைக் கையாலோ கட்டையாலோ வழித்துச் சமன் செய்வதைத் தலை தட்டுவது என்பார்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் தட்டுவார்கள். ஆனால் கல்யாணத்தில் நெல் நிரப்பி வைக்கிற நிறைநாழியைத் தட்ட மாட்டார்கள். புது வீட்டில் முதன்முதலாகப் பொங்கலுக்கு அரிசி அளந்தால் தட்ட மாட்டார்கள். கஜபதி இத்தனை வருடத்தில் எந்த விசேஷத்துக்கும் முதல் படியைத் தட்டியதில்லை; மற்ற படிகளை உதவியாட்கள் எப்படி அளந்தாலும் முதல் படி அவர் கையால், கும்பமாக. ஒரு படி அரிசியில் அதனால் எதுவும் கெட்டுப்போகாது. இங்கேயோ, அந்த ஒரே ஒரு கப்பை வைத்து, அறுபத்து நாலு பேருக்கான முப்பத்திரண்டு கப்புக்கும் கணக்குப் போட வேண்டியிருந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்ததெல்லாம், இது அந்த மேடைக்குப் போகிற முதல் அளவு என்பதுதான்.

வீட்டில் தராசு இல்லை. தெருமுனை மளிகைக் கடையில் முகமது ஆசிக் எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறார். கஜபதி கப்பை இடது கையில் ஏந்தி, வலது உள்ளங்கையைக் காற்றுக்கு அணையாகக் குவித்துக்கொண்டு, வெயிலில், ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்துத் தெருவைக் கடந்தார். ஒரு ஆட்டோக்காரர் வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்று பேபி பிற்பாடு சொன்னாள். அதை நம்புவது அவரவர் இஷ்டம்.

"இன்னா மாஸ்டர், தேங்காத் துருவலா?" என்றார் ஆசிக்.

"சீஸு. காலி கப்பு எடைய மொதல்ல கழிச்சுக்க பாய். காலைல இங்க நிறுத்தி அடில எழுதிக்கினு போனேன் பாரு."

ஆசிக் கழித்தார். கப்பை வைத்தார். சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. "நூத்தி அம்பத்தெட்டு. தல தட்டலயா மாஸ்டர்?"

"நல்ல காரியத்துக்குத் தட்டுவாங்களா?"

"அது நெல்லுக்குச் சொன்னது. இது சீஸு."

"நெல்லுக்கு ஒரு நாயம், சீஸுக்கு ஒரு நாயமா? இத முப்பத்திரெண்டால பெருக்கிச் சொல்லு பாய்."

"எனக்கின்னா, தராசு சொல்றத நான் சொன்னேன். முப்பத்திரெண்டாலப் பெருக்கணுமா? இருங்க." போனில் தட்டினார். "அஞ்சு கிலோ அம்பத்தாறு கிராமு."

கஜபதி அம்பத்தாறை விட்டுவிட்டு, 'சீஸ் – 5 கிலோ' என்று எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தாள் தலைவர் கைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு இருவரும் நசரத்பேட்டைச் சமையலறையில் இருந்தார்கள். பொருள்களெல்லாம் தாளின்படி மேடையில் வரிசையாக இருந்தன. சீஸ் மட்டும் ஒரு கிலோக் கட்டிகளாக ஐந்து. பேபி துருவத் தொடங்கினாள். மூன்றாவது கட்டியில் அவள் பேச்சு நின்றது. நாலாவதில் மணிக்கட்டை உதறிக்கொண்டாள். ஐந்தாவது முடிந்தபோது தட்டுகளில் கிடந்ததைப் பார்த்தால் இரண்டு மெத்தைக்குப் பஞ்சு போல இருந்தது. சரி, ஒரு தலையணைக்கு.

"யோவ், இது ரொம்பக் கீதே" என்றாள்.

"அறுவத்து நாலு பேருமே."

வாசலில் தட்சிணாமூர்த்தி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். மடியில் கோப்பு, கோப்பில் அந்தத் தாள். ஒவ்வொரு பொருள் பாத்திரத்துக்குள் போகும்போதும் தாளில் ஒரு டிக் போட்டார். ரெனிதா ஓவனைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

கஜபதி வெண்ணெயை உருக்கினார், மாவைக் கொட்டி வாசனை வரும் வரை கிண்டினார், பாலை ஊற்றினார். கட்டி தட்டாமல் வந்தது. இந்த வேலை அவர் கைக்குப் புதிதில்லை. கல்யாணங்களில் வடக்கத்திக் குருமாவுக்கு இதே மாதிரி எத்தனையோ செய்திருக்கிறார். நின்றபடி, இடுப்பு உயரத்தில், குனியாமல். ஒரு கால் வலித்தால் அடுத்த காலுக்கு எடையை மாற்றிக்கொள்ள முடிந்தது. இப்படி ஒரு இடம் இருந்தால் இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று நினைத்தார். பத்து வேண்டாம், ஆறு போதும்.

பிறகு சீஸ். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிண்டினார். ஒரு தட்டு காலியானது, இரண்டு, மூன்று. குழம்பு கரண்டியில் படிந்து, தூக்கினால் நாடா மாதிரி மடிந்து விழுந்தது. வாயில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று கை சொன்னது. இருந்தாலும் தாளில் ஐந்து என்று இருக்கிறதே என்று இன்னும் இரண்டு பிடி போட்டார். பாத்திர ஓரத்தில் மஞ்சளாக ஒரு எண்ணெய் முத்து எழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

கஜபதி கையை எடுத்துக்கொண்டார். மேடையில் இன்னும் ஒரு தட்டு நிறைய சீஸ் இருந்தது.

"மாஸ்டர்" என்றது வாசல். "இன்னும் இருக்கே."

பேபி அருகில் வந்து, பாத்திரத்தைப் பார்ப்பது போலக் குனிந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "மேல தூவறதுக்குன்னு சொல்லிடு. மக்ரோனிய தட்டுல போட்டுட்டு மேல தூவிடலாம். யாருக்குத் தெரியப் போவுது."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இன்றைக்கு நடந்துவிடும், பத்து நிமிடத்தில் ஓவனுக்குள் போய்விடும். ஆனால் தாள் கோப்பிலேயே இருக்கும். என்றைக்காவது முழங்கால் எழவே விடாத ஒரு சனிக்கிழமை வரும்; அன்றைக்கு எவனோ ஒருவன் அந்தத் தாளைப் பார்த்து ஐந்து கிலோவையும் கொட்டுவான்; எண்ணெயில் மிதக்கிற மக்ரோனியைப் பிள்ளைகள் துப்பும்; கீழே கஜபதி என்று கையெழுத்து இருக்கும். அந்தப் பொய்யைச் சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சுமக்க வேண்டும். சுமக்க அவருக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்வதற்கும் தெம்பில்லைதான், ஆனால் அதை ஒரு தடவை சொன்னால் போதும்.

அடுப்பை அணைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மேடையில் ஊன்றினார். இதுதான் கடைசியாக ஊன்றுவது என்று நினைத்துக்கொண்டார்.

"இருக்குது சார். போடக் கூடாது. போட்டா எண்ண கக்கிடும்."

தட்சிணாமூர்த்தி தாளைப் பார்த்தார். "ஐந்து கிலோன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"நான்தான்."

"இந்தத் தாளை வச்சு நாளைக்கு வேற ஒருத்தர் செஞ்சா?"

"கெட்டுப்பூடும் சார்."

"அப்ப தாள் தப்பு."

"தாளு தப்புதான் சார். கை கரெக்டு."

"கை சாயந்திரம் உங்களோட வீட்டுக்குப் போயிடும் மாஸ்டர். தாள்தான் இங்க இருக்கப் போகுது." குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் கஜபதிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எப்படித் தப்பாச்சு?"

கஜபதி சொன்னார். முதல் அளவு, நல்ல காரியம், தலை தட்டாதது, ஆசிக் கேட்டது, தான் சொன்ன பதில், ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கேவலமாக இருந்தது. ரெனிதா கேட்டுக்கொண்டே மிச்சத் தட்டிலிருந்து அள்ளி, தன் கப்பில் போட்டாள். அமுக்கவில்லை. கத்தியின் முதுகால் விளிம்போடு ஒரு வழி வழித்தாள். சங்கத்துத் தராசில் வைத்தாள்.

"நூத்திப் பதினொண்ணு" என்றாள். "நாற்பத்தேழு கிராம் கோபுரம் கட்டியிருக்கீங்க மாஸ்டர்."

"நான் அன்னிக்கே கேட்டேன், கோயில் கட்றியான்னு" என்றாள் பேபி.

தட்சிணாமூர்த்தி எழுந்து வந்தார். கப்பைக் கொட்டச் சொல்லி, மிச்சம் இருந்ததை மொத்தமாகத் தராசில் வைத்தார். ஒரு கிலோ நானூற்று முப்பது. ஐந்திலிருந்து கழித்தார். பாத்திரத்துக்குள் போயிருப்பது மூன்று கிலோ ஐந்நூற்று எழுபது. ரெனிதாவின் நூற்றுப் பதினொன்றை முப்பத்திரண்டால் பெருக்கினார், காகிதத்தில், பேனாவால்: மூன்று கிலோ ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் பதினெட்டு கிராம். அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். துருவும்போது பேபியின் வாய்க்குள் போனதைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் குறையும். அவள் அதைச் சொல்லவில்லை.

"கண்ணால பாத்து நிறுத்தினீங்களா?"

"கரண்டில தெரியும் சார்."

அவர் கோப்பிலிருந்து பழைய தாளை உருவிக் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். புதுத் தாளும் பேனாவும் மேடைக்கு வந்தன. "எழுதுங்க. துருவிய சீஸ், எடை. பக்கத்துலயே எப்படி அளந்ததுன்னு: தலை தட்டி, முப்பத்திரண்டு கப்."

கஜபதி பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

"என்ன?"

"தல தட்டின்னு மொதத் தாள்ல எழுதணுமா சார்?"

"அளவு அதுதானே?"

"அளவு அதான். நீங்க என்ன வேணாச் சொல்லுங்க, செய்றேன். இதுல நான் இருந்தாலும் சரி, வேற ஆளு வந்தாலும் சரி. புதுசா ஆரம்பிக்கிற அடுப்பு. அதுக்கு மொதத் தாள்ல தல தட்டின்னு என் கையால எழுத மனசு வரல சார்."

தட்சிணாமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு ஆட்சேபணை ஸ்டோர்ஸில் வந்திருக்காது. ரெனிதாதான் இடையில் வந்தாள்.

"மாஸ்டர், கப்னு எழுதினாத்தானே தலைன்னு ஒண்ணு வருது? கிராம் மட்டும் எழுதுங்க. தராசுல தலையும் கிடையாது, தட்டுறதும் கிடையாது."

கஜபதி அவளைப் பார்த்தார். நாலு நாளாகத் தராசையும் கப்பையும் வைத்துக்கொண்டு மாரடித்ததில் இது தோன்றவில்லையே என்று இருந்தது. குனிந்து, பெரிய எழுத்தில், மெதுவாக எழுதினார்: 'சீஸ், துருவியது – 3 கிலோ 550 கிராம்.' இரண்டு கிராமைத் தலைவர் விட்டுக்கொடுத்தார். அவர் வாழ்க்கையில் சீட்டு இல்லாமல் வெளியே போன சரக்கு அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மக்ரோனி ஓவனுக்குள் போனது, மேலே பொன்னிறமாகத் திரும்பி வந்தது. ஹாலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், தட்டை நீட்டினார்கள், மறுபடியும் நீட்டினார்கள். சங்கத்து ஆட்கள் நாலு பேர் ஆளுக்கொரு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். தலைவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்ச் சாப்பிட்டார்.

கஜபதி அதைப் பார்க்கவில்லை. சமையலறையில் உயர ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடியிருந்தார். பேபி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்படியும் இல்லையென்றுதான் சொல்லப் போகிறார்கள், சொல்லட்டும், அதற்குள் இந்த ஸ்டூலில் எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அவ்வளவு. ஐப்பசியில் நாலு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாலும் தரை அடுப்பு. யார் யாரை உதவிக்குக் கூப்பிடுவது, எழுப்பிவிட எவன் கை கொடுப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கறீங்களா?"

கண்ணைத் திறந்தார். தட்சிணாமூர்த்தி, கையில் காலித் தட்டு. தொட்டியில் போடப் போனவரிடமிருந்து பேபி அதை வாங்கிக்கொண்டாள்.

"இல்ல சார்." எழப் பார்த்தார். ஒரு கால் வந்தது, இன்னொன்று வரவில்லை.

"உக்காருங்க, உக்காருங்க. உப்பு சரியா இருந்தது. தாளைப் பொறுத்தவரை நீங்க தேறல. அதை ஒப்புக்கணும்."

"ஆமா சார்."

"ஆனா தாள்ல தப்பு இருந்தா, அதை அடுப்புல கொட்டுறதுக்கு முன்னாடி நிறுத்துற ஆள் ஒருத்தர் வேணும். எனக்கு ஸ்டோர்ஸ்ல கடைசி வரைக்கும் கெடைக்கல." சட்டைப்பையிலிருந்து நூல் கட்டிய ஒரு சாவியை எடுத்து மேடையில் வைத்தார். "இனிமே ஒவ்வொரு தாளையும் ரெனிதா முன்னாடி தராசுல வச்சு எழுதணும். சம்மதமா?"

கஜபதி தலையை ஆட்டினார். சாவியை எடுக்கவில்லை, முதலில் மேடையைத்தான் ஒரு தடவை தடவினார்.

"நாளையிலேர்ந்து வாங்க. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு தயாரா இருக்கணும். எத்தனை மணிக்கு வருவீங்க? எழுதிக்கணும்."

"நாலரைக்கே வந்துருவேன் சார். பால்காரன் வர்றதுக்கு முந்தி நான் இங்க நிப்பேன்."

தலைவர் பேனாவைத் திறந்தார். தொட்டியடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பேபி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் எழுதப் போன இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"எட்டு மணின்னு போட்டுக்கோங்க சார். நாலரைக்கு இவரு கண்ணுதான் முழிக்கும். முட்டி முழிக்க ஏழாயிடும்."